முட்டியில்லாத இரண்டு பிளேடும் 7.17 மீட்டரும்: மஹ்லாங்குவின் 200 மீ – நீளம் தாண்டுதல் பாதை

#1 ஓடுதளம்

நண்பர்களே, வேக ஓட்டத்தையும் நீளம் தாண்டுதலையும் சேர்த்துச் செய்கிற இளம் பாரா வீரர்களைப் பற்றி இங்கே தனி இழை இல்லை. தென்னாப்பிரிக்காவின் ந்தாண்டோ மஹ்லாங்குவை வைத்துத் தொடங்குகிறேன்.

2002 ஜனவரியில் பிறந்தவர். பிறவியிலேயே இரண்டு கால்களிலும் முட்டிக்குக் கீழே எலும்பு சரியாக உருவாகவில்லை. பத்து வயது வரை சக்கர நாற்காலி. 2012-ல் இரண்டு கால்களையும் முட்டி மூட்டோடு எடுத்தார்கள். ஜம்பிங் கிட்ஸ் என்ற அமைப்பு வழியாக ஓட்ட பிளேடு, அதாவது காலுக்குப் பதில் மாட்டும் வளைந்த கார்பன் தகடு, கிடைத்தது. அடுத்த நான்கே ஆண்டில் ரியோ பாராலிம்பிக்ஸ்: 14 வயதில் 200 மீட்டரில் 23.77 ஓடி வெள்ளி. தங்கம் பிரிட்டனின் ரிச்சர்ட் வைட்ஹெட், 23.39. 2019 துபாய் உலக சாம்பியன்ஷிப்பில் 200 மீ தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் 200 மீட்டரில் 23.59-க்குத் தங்கம், வைட்ஹெட் 23.99. அதே போட்டியில் நீளம் தாண்டுதலில் கடைசி வாய்ப்பில், ஆறாவது தாண்டலில், 7.17 மீ. தன் வகுப்பில் உலக சாதனை, தங்கம். ஜெர்மனியின் லெயோன் ஷேஃபருக்கு 7.12, வெள்ளி.

பேச வேண்டியது இதைத்தான். நீளம் தாண்டுதலில் அவரோடு மோதியவர்கள் பெரும்பாலும் ஒரு முழுக் கால் உள்ளவர்கள். இவருக்கு முட்டியும் இல்லை, கணுக்காலும் இல்லை, இரண்டு பக்கமும். அப்படியிருந்தும் எப்படி முந்தினார்? பிளேடு என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் பேசுவோம்.

#2 நாலாம்_லேன்

வகுப்பு எண் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ரியோ முடிவுப் பட்டியலில் அவர் டி42 என்று இருக்கும், டோக்கியோவில் டி61 என்று இருக்கும். உடல்நிலை மாறவில்லை, 2018-ல் எண்தான் மாறியது. செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்களுக்கு 61 முதல் 64 வரை புதிதாகக் கொடுத்தார்கள்.

டி61: இரண்டு காலும் முட்டியோடோ முட்டிக்கு மேலோ இல்லாதவர்.
டி62: இரண்டு காலும் முட்டிக்குக் கீழ்.
டி63: ஒரு கால், முட்டியோடு அல்லது அதற்கு மேல்.
டி64: ஒரு கால், முட்டிக்குக் கீழ்.

டி42 முதல் 44 வரை உள்ள எண்கள் இப்போது செயற்கைக் கால் இல்லாமல் போட்டியிடுபவர்களுக்கு.

ஆள் குறைவு என்பதால் டி61 ஆட்களை டி63-ஓடும், டி62 ஆட்களை டி64-ஓடும் சேர்த்து நடத்துவது வழக்கம். அதனால்தான் 7.17 டி63 போட்டியின் தங்கம். புள்ளி முறையெல்லாம் கிடையாது, யார் தூரம் தாண்டினாரோ அவர்தான்.

தூரம் எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள். 2016 ரியோவில் பழைய டி42 தங்கம் ஹைன்ரிக் போப்போவின் 6.70. துபாயில் ஷேஃபர் 6.99. டோக்கியோவில் 7.12 தாண்டியவருக்கே வெள்ளிதான். ஐந்தே வருஷத்தில் இவ்வளவு. அதனால் ஒருவரின் பிளேடை மட்டும் காரணமாக்குவது சரியில்லை. அந்த வகுப்பே மொத்தமாக மேலே போயிருக்கிறது.

#3 வளைவு36

ஓடுதளம் அண்ணே கேட்டதுக்கு என் பதில்: ரன்-அப்புக்கு, அதாவது தாண்டுறதுக்கு முன்னால ஓடி வர்றதுக்கு, துப்பாக்கி கிடையாது.

முட்டி இல்லாம நேரா சாக்கெட்டுல (மிஞ்சின தொடை உட்கார்ற கூடு) பிளேடு மாட்டி ஓடுறவருக்கு பெரிய நஷ்டம் ஸ்டார்ட்டுலதான். தாழ்வா குனிஞ்சு கிளம்ப முடியாது. வைட்ஹெட் ஓடினதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நின்னுக்கிட்டேதான் கிளம்புவார், முதல் 30 மீட்டர் பின்னால கிடப்பார், கடைசி 80-ல எல்லாரையும் அள்ளுவார். காரணம் எளிது. கணுக்காலும் முட்டியும் தள்ளுற வேலையை இடுப்பு ஒண்ணே செய்யணும். பிளேடு சும்மா இருந்தா சக்தி தராது, மேல வர்ற பாரத்தை வாங்கித் திருப்பித் தரும், அவ்வளவுதான். வேகம் இல்லாதப்ப திருப்பித் தர அதுக்கிட்ட ஒண்ணும் இருக்காது. வேகம் ஏற ஏறத்தான் அது உதவும்.

இப்ப கணக்கு போடுங்க. 23.59-ல 200 மீட்டர்னா சராசரி விநாடிக்கு 8.48 மீ. இதுல அந்த மந்தமான ஸ்டார்ட்டும் சேர்த்தி. அப்படின்னா உச்ச வேகம் 9-ஐத் தாண்டியிருக்கணும். 200-ல ஸ்டார்ட்டு நஷ்டத்தை ஈடுகட்ட தூரம் இருக்கு. நீளம் தாண்டுதல்ல அந்த நஷ்டமே இல்ல. ரன்வே குறைஞ்சது 40 மீ இருக்கும், மெதுவா கிளம்பி வேகம் ஏத்திக்கிட்டு வரலாம், நேரக்கெடுவுக்குள்ள தாண்டினா போதும். தாண்டக் கால் ஊன்றுற பலகையில கால் வைக்கிறப்ப என்ன வேகம், அது மட்டும்தான் கேள்வி. அவருக்கு 200-உம் நீளம் தாண்டுதலும் பொருந்தினது அதனாலதான். 100 மீட்டர் அதே அளவுக்குப் பொருந்தாது.

#4 லதா_பிசியோ

வளைவு36 தம்பி சொன்னது சரி. அறுவை எந்த இடத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதைப் பலரும் கவனிப்பதில்லை.

முட்டி மூட்டோடு எடுப்பதும் தொடை எலும்பை நடுவில் அறுப்பதும் ஒன்றல்ல. குழந்தைக்கு நடுவில் அறுத்தால் வெட்டு முனையில் எலும்பு மறுபடி கூராக வளரும், தோலைக் குத்தும், சிலருக்குத் திரும்பத் திரும்ப அறுவை தேவைப்படும். மூட்டோடு எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 70% கீழ்முனை வளர்ச்சித் தட்டிலிருந்துதான் வருகிறது. அது தப்பிவிடுவதால் பையன் வளர வளர நெம்புகோலாக வேலை செய்யும் தொடையும் நீளும். எலும்பின் இயற்கையான குமிழ் முனை அப்படியே இருப்பதால் அடிமுனையிலேயே உடல் பாரத்தைத் தாங்க முடியும். நடுவில் அறுத்த ஸ்டம்பால் (அறுவைக்குப் பின் மிஞ்சிய கால் பகுதி) அது முடியாது, பாரம் சாக்கெட்டின் மேல்விளிம்பில், உட்காரும் எலும்பில் போய் ஏறும். தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகளும் பெரும்பாலும் முழு நீளத்தோடு மிஞ்சும்.

பலகையில் அழுத்தும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் இறங்குகிறது. அடிமுனை தாங்கும் ஸ்டம்ப் அந்த நேரத்தில் பெரிய வரம்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பல வருடம் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்கு இடுப்பு முன்பக்கத் தசை சுருங்கிப் போயிருக்கும். தொடை பின்னால் போகாது. அது போகாவிட்டால் தள்ளல் இல்லை, முதுகு வளைந்து ஈடுகட்டப் பார்க்கும், ஆறு மாதத்தில் இடுப்புவலி வரும். பிளேடு வாங்குவதற்கு முன்பே குப்புறப் படுக்கும் பழக்கம் தொடங்க வேண்டும். தலையணை இல்லாமல், தலையை ஒரு பக்கம் திருப்பி, 15–20 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

#5 நேர்கோடு

எல்லாம் சரிங்க, உயரம்? இரண்டு காலும் செயற்கைன்னா எவ்வளவு உயரமா வேணாலும் மாட்டிக்கலாமே. நீளமான பிளேடு, நீளமான எட்டு. மத்தவங்களுக்கு இது நியாயமா?

#6 நாலாம்_லேன்

எவ்வளவு வேணாலும் மாட்ட முடியாது சார். அதிகபட்ச நிற்கும் உயரம் என்று ஒரு விதி இருக்கிறது, பேச்சில் மாஷ் என்பார்கள். இரண்டு காலும் செயற்கையாக உள்ள டி61, டி62-க்கு மட்டும்தான் பொருந்தும். காலை அளக்க முடியாதே, அதனால் உட்கார்ந்த உயரம், மேல்கை நீளம், முன்கை நீளம், மார்பு நடுவிலிருந்து நீட்டிய விரல்நுனி வரை உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து, இந்த உடலுக்குக் கால் இருந்திருந்தால் அதிகபட்சம் எவ்வளவு உயரம் என்று சூத்திரத்தில் கணக்கிடுவார்கள். முட்டிக்குக் கீழ் இழந்தவர்களுக்குத் தொடை நீளமும் கணக்கில் வரும். பிளேடோடு நிற்கும் உயரம் அந்த எண்ணைத் தாண்டக்கூடாது.

2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் 200 மீட்டரில் அலன் ஒலிவேரா 21.45-ல் ஆஸ்கர் பிஸ்டோரியஸை, 21.52, தோற்கடித்தபோது, ஒலிவேராவின் பிளேடு உயரம் அதிகம் என்று பிஸ்டோரியஸ் கிளப்பிய சண்டை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2018 ஜனவரி முதல் சூத்திரம் இன்னும் இறுக்கமானது, பலர் பிளேடைக் குறைக்க வேண்டியிருந்தது. சாதாரண வீரர்களோடு ஓட அனுமதி கேட்ட அமெரிக்காவின் பிளேக் லீப்பர் வழக்கில், அவர் ஓடிய உயரம் இந்தக் கணக்கைவிட சுமார் 15 செ.மீ. அதிகம் என்பதுதான் பிரச்சினை. 2020-ல் விளையாட்டு நடுவர் மன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

டோக்கியோவின் 7.17 இந்த இறுக்கமான விதிக்குப் பிறகு வந்தது. அதையும் கணக்கில் வையுங்கள்.

இளம் வீரருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 15 வயதில் அளந்த எண் 17-ல் பொருந்தாது. உடம்பு வளர்ந்திருக்கும், மறுபடி அளந்து, சாக்கெட்டையும் பிளேடு நீளத்தையும் திருத்த வேண்டும். 2 செ.மீ. கூட்டினாலே எட்டின் நீளம் மாறும், ரன்-அப் மார்க் மாறும். பெரிய போட்டிக்கு ஆறு வாரத்துக்குள் உயரத்தைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

#7 நேர்கோடு

நன்றி சார். இது தெரியாமத்தான் பலரும் திட்டிக்கிட்டு இருக்காங்க. அப்ப ஜெர்மனியின் நீளம் தாண்டுதல் வீரர் மார்கஸ் ரேம் விஷயம்?

#8 வளைவு36

ரேம் வேற வகுப்பு, டி64, ஒரு கால் முட்டிக்குக் கீழ. மாஷ் விதி அவருக்கு இல்ல. 2014-ல ஜெர்மன் தேசிய சாம்பியன்ஷிப்ப 8.24 தாண்டி ஜெயிச்சார், ஐரோப்பியப் போட்டிக்கு எடுக்கல. 2016-ல கொலோன், ஜப்பான், கொலராடோ ஆய்வாளர்கள் சேர்ந்து பார்த்தாங்க. ரன்-அப்புல பிளேடு பாதகம், பலகையில சாதகம், மொத்தத்துல லாபமா நஷ்டமான்னு உறுதியா சொல்ல முடியலன்னு முடிச்சாங்க. 2023-ல அவர் 8.72 வரைக்கும் போயிட்டார்.

அந்த ஆய்வுல நமக்கு உபயோகமான விஷயம் டேக்-ஆஃப், அதாவது பலகையில ஊன்றி எழும்புறது, பத்தினது. சாதாரண கால்ல தாண்டுறவர் கடைசிக்கு முந்தின எட்டுல உடம்பைத் தாழ்த்தி, அந்த எட்டைக் கொஞ்சம் நீட்டி, கடைசி எட்டைச் சுருக்கி அடிப்பார். பிளேடுல தாண்டுறவர் அதே மாதிரி தாழ்ந்தா போச்சு. பிளேடு தானாவே அமுங்கும், நாம வேற தாழ்ந்தா இரட்டைத் தாழ்வு, முன்வேகம் செத்துடும். ஓடி வந்த உயரத்துலயே, இடுப்பு நிமிர்ந்து, பிளேடு மேல ஏறிப் போகணும். சாதாரணப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற கோச் அதே பாடத்தை இங்கயும் எடுத்தா, மாசக்கணக்குல தூரம் ஏறாம நிக்கும். காரணம் பிள்ளைகிட்ட இருக்காது.

#9 பயிற்சி_கேள்வி

வணக்கம். முட்டிக்கு மேல் ஒரு கால் இல்லாத 15 வயதுப் பிள்ளைக்கு, ஓட்ட பிளேடு புதிதாகக் கிடைத்திருக்கிறது, இரண்டு போட்டியும் பழக வேண்டும் என்றால் எப்படித் தொடங்குவது? எந்தக் காலில் தாண்டுவது? யாராவது வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#10 வளைவு36

முதல் விஷயம், நல்ல கால்ல தாண்டட்டும். முட்டிக்கு மேல இழந்தவரோட செயற்கை முட்டி, டேக்-ஆஃப் பாரத்துல மடங்கினா நேரா முகம் குப்புற. அந்த முட்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது இடுப்புதான், அந்தப் பலம் வர ஒரு வருஷமாவது ஆகும். முட்டிக்குக் கீழ இழந்த டி64 பிள்ளைன்னா பிளேடுலயே தாண்டப் பழக்கலாம், ரேம் அப்படித்தான்.

வரிசை:

விழப் பழகணும். பிட்டுல (தாண்டி விழுற மணல் குழி) ஈர மணலைக் கிளறிப் போட்டு, நடையிலேர்ந்து முன்னாலயும் பக்கவாட்டுலயும் விழ வைங்க. பயம் போனாத்தான் இடுப்பு நிமிரும். பயந்த பிள்ளை குனிஞ்சே ஓடும்.

அடுத்து, புல் தரையில 20–30 மீட்டர், முக்கால் வேகம், 6 தடவை. செயற்கைக் கால் பக்க எட்டும் நல்ல கால் எட்டும் நீளத்துல சமமா இருக்கான்னு மணல்லயோ சுண்ணாம்புத் தரையிலயோ தடம் பார்த்து அளங்க. 15 செ.மீ.க்கு மேல வித்தியாசம்னா ஓட்டத்தைக் கூட்டாதீங்க, சாக்கெட் சாய்வைத் திருத்தச் சொல்லுங்க.

மூணாவது ரன்-அப். 6 எட்டுல ஆரம்பிங்க. பலகையிலேர்ந்து திரும்பி ஓட விட்டு 6-வது எட்டு எங்க விழுதோ அதான் முதல் மார்க். மூணு நாள் அந்த மார்க் 20 செ.மீ.க்குள்ள நின்னா 8 எட்டு, அப்புறம் 10. ரெண்டு எட்டு கூட்டினா ஏறக்குறைய மூன்றரை மீட்டர் பின்னால போகும். முதல் சீசன்ல 12-ஐத் தாண்ட வேண்டாம். பிள்ளைக்கு 20 எட்டு ரன்-அப் வச்சுட்டு பலகைக்கு முன்னால குட்டிக் குட்டி எட்டு வைக்க விடுறதுதான் அதிகமா நடக்கிற கெடுதல். வேகம் மொத்தமும் அங்கேயே போயிடும்.

பலகைக்கு 4 எட்டு முன்னால கோச்சுக்கு மட்டும் ஒரு மார்க். பிள்ளை அதைப் பார்க்கக்கூடாது. ஃபவுல் ஆனா முதல்ல அந்த மார்க்கைப் பாருங்க. அங்கேயே முன்னால வந்திருந்தா ஆரம்ப மார்க்கை நகர்த்தணும். அங்க சரியா இருந்து பலகையில தப்பினா, கடைசி நாலு எட்டுல நீட்டறான்னு அர்த்தம், மார்க்கைத் தொடாதீங்க.

வாரத்துக்கு முழு டேக்-ஆஃப் 25–30 போதும். நல்ல கால்தான் மத்த எல்லா வேலையும் செய்யுது, அந்த முட்டியைக் காப்பாத்தணும்.

#11 லதா_பிசியோ

ஒரு சேர்க்கை. ஓட்டம் முடிந்து சாக்கெட்டைக் கழற்றியதும் ஸ்டம்பைப் பாருங்கள். சிவப்பு 10 நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. அதற்கு மேலும் நின்றால், அதுவும் எப்போதும் ஒரே இடத்தில் என்றால், சாக்கெட் அங்கே அழுத்துகிறது. அன்றே ஓட்டத்தை நிறுத்தி, அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, போட்டோ எடுத்துச் சாக்கெட் செய்தவருக்கு அனுப்புங்கள். கொப்புளம் வந்த பிறகு நிறுத்தினால் மூன்று வாரம் போய்விடும்.

பக்கத்துக்கு ஒரு இடுப்புப் பயிற்சியாவது தினமும் வேண்டும். ஸ்டம்புக்கு அடியில் உருட்டிய துணி வைத்து, மல்லாந்து படுத்து, துணியை அழுத்தி இடுப்பைத் தூக்குவது, 10 தடவை, 3 சுற்று. பக்கவாட்டில் படுத்துத் தொடையை மேலே தூக்குவது அதே எண்ணிக்கை. தொடை வெளியே சாயாமல் நேராகப் போக வேண்டும். கண்ணாடி முன் செய்தால் தெரியும்.

#12 கார்பன்_கீல்

பிளேடு பராமரிப்பு பத்தி யாரும் சொல்லலையே. இதுதான் போட்டி நாள்ல கழுத்தறுக்கும்.

போல்ட்: பிளேடையும் சாக்கெட்டையும் சேர்க்கும் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவு) டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கணும், கை அளவுல கூடாது. முறுக்கினதும் போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால ஒரு கோடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலயும் அந்தக் கோட்டைப் பாருங்க. கோடு உடைஞ்சு விலகியிருந்தா போல்ட் சுத்தியிருக்கு. அரை நொடி வேலை.

கார்பன்: பிளேடு அடுக்கு அடுக்கா ஒட்டின கார்பன் நார். உள்ளுக்குள்ள அடுக்கு பிரிஞ்சா வெளியில தெரியாது. ஒரு நாணயத்தால நுனியிலேர்ந்து மேல வரைக்கும் தட்டிக்கிட்டே வாங்க. கணீர்னு வர்ற சத்தம் ஒரு இடத்துல மட்டும் பொத்துன்னு மாறினா அந்த பிளேடை ஓட்டத்துக்கு எடுக்காதீங்க. விளிம்புல வெள்ளைக் கீறல், போல்ட் துளையைச் சுத்தி மயிரிழை வெடிப்பு, ஓடும்போது கிரீச் சத்தம், மூணுமே அதே எச்சரிக்கைதான். வெயில்ல பூட்டின காருக்குள்ள பிளேடை வைக்கவே கூடாது, பசைக்கு அந்தச் சூடு ஆகாது.

விறைப்பு: உடல் எடையைப் பார்த்துத்தான் பிளேடுக்கு விறைப்பு எண் தர்றாங்க. வளர்ற பையன் ஒரே வருஷத்துல 6–7 கிலோ ஏறினா பழைய பிளேடு தொளதொளன்னு ஆயிடும். அறிகுறி: பிளேடு ஆழமா அமுங்கும், தரையில இருக்கும் நேரம் கூடும், 200-ல கடைசி 50 மீட்டர்ல இடுப்பு தாழ்ந்துபோகும். ரொம்ப விறைப்பா இருந்தா அமுங்கவே அமுங்காது, ஸ்டம்ப் அடிமுனை வலிக்கும், தாண்டல் தட்டையா முன்னால மட்டும் போகும். வளர்ந்துருவான்னு முன்கூட்டியே விறைப்பா வாங்கிக் குடுக்கிற பழக்கம் ரொம்பத் தப்பு, செருப்பு வாங்குற கணக்கு இதுக்கு ஆகாது.

வியர்வை: நம்ம ஊர் வெயில்ல ஸ்டம்புல மாட்டுற சிலிக்கான் உறையான லைனருக்குள்ள வியர்வை தேங்கினா உறிஞ்சிப் பிடிக்கிற பிடி போயிடும், சாக்கெட் மேலயும் கீழயும் ஆட ஆரம்பிக்கும். லைனர் ரெண்டு வேணும், ஒண்ணு காயட்டும். மூணாவது தாண்டலுக்கும் நாலாவதுக்கும் நடுவுல கிடைக்கிற இடைவேளையில கழற்றித் துடைச்சு மாட்டிடுங்க. காலையிலேர்ந்து சாயங்காலத்துக்குள்ள ஸ்டம்ப் சுருங்கும், அதுக்கு வேற வேற தடிமன்ல ஸ்டம்ப் காலுறை பையில இருக்கணும்.

பைக்குள்ள: ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச், உபரி போல்ட், பிளேடு அடிக்கு ஒட்டுற ஸ்பைக் தகடு, அதுக்கான பசை, சின்ன பிரஷ். பிரஷ் எதுக்குன்னா, பிட்டுலேர்ந்து எழுந்ததும் சாக்கெட் விளிம்புல ஒட்டின மணலைத் தட்டணும். ஒரு சிட்டிகை மணல் லைனருக்குள்ள போனா அடுத்த ஓட்டத்துல தோலை உரிச்சிடும்.

#13 ஓடுதளம்

கார்பன்_கீல் சார், மிக்க நன்றி. இந்தப் பதிவை இழையின் மேலே ஒட்டி வைக்க வேண்டும்.

200 மீட்டரின் வளைவைப் பற்றி யாராவது?

#14 வளைவு36

என் பேரே அதுதான், விடுவேனா.

வளைவின் ஆரம் முதல் லேன்ல ஏறக்குறைய 36.8 மீ, எட்டாவது லேன்ல 45 மீ. முட்டி இல்லாம ஓடுறவர் பிளேடைத் தரையில உரசாம முன்னால கொண்டுவர, வெளிப்பக்கமா அரைவட்டம் போட்டுத்தான் சுழற்ற முடியும். லேன் அகலம் 1.22 மீ. இடது பிளேடு உள்கோட்டுப் பக்கம் வீசும். வீசுறது தப்பில்ல, கோட்டுல ஊன்றினாத்தான் வினை. அதனால லேனோட வெளிப்பாதியில ஓடப் பழக்கணும். உள்லேன் கிடைச்சா இது இன்னும் கஷ்டம்.

ஒரு கால் பிளேடுன்னா எந்தப் பக்கங்கிறது முக்கியம். பந்தயம் எப்பவும் இடது பக்கமாத் திரும்புது. பிளேடு உள்பக்கக் காலா இருக்கிறப்ப உச்ச வேகம் சுமார் 4% குறையுதுன்னு அளந்து சொல்லியிருக்காங்க. இடது கால் இழந்த பிள்ளைக்கு 200-ஐ விட 100-உம் நீளம் தாண்டுதலும் நல்ல ஜோடி. வலதுன்னா 200-ஐத் தாராளமா வச்சுக்கலாம். இதை முதல் வருஷமே யோசிச்சிடணும்.

#15 நாலாம்_லேன்

போட்டி அட்டவணையையும் முதல் வருஷமே பார்க்கணும். டோக்கியோவில் ஆண்கள் 200 மீ டி61 இருந்தது. பாரிஸ் 2024-ல் எடுத்துவிட்டார்கள். மஹ்லாங்கு 19 வயதில் எந்தப் போட்டியில் தங்கம் வாங்கினாரோ அந்தப் போட்டியே 22 வயதில் இல்லை. மஹ்லாங்கு செய்கிற போட்டிகளில் மிஞ்சியது டி63-ஓடு சேர்ந்த 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும்தான். 100 மீட்டர் என்றால் வளைவு36 சொன்ன அதே ஸ்டார்ட் பிரச்சினை. இளம் வீரரின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆள் எண்ணிக்கை குறைவு என்பது அமைப்பாளர்களின் காரணம். போட்டியே இல்லை என்றால் ஆள் எப்படிச் சேரும்?

இதற்கு இப்போதைக்கு உள்ள ஒரே காப்பு, இரண்டு கூடையில் முட்டை வைப்பதுதான். அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெக், 2005-ல் பிறந்தவர், டி63. டோக்கியோவில் 16 வயது: உயரம் தாண்டுதலில் 5, நீளம் தாண்டுதலில் 8. பாரிஸில் உயரம் தாண்டுதல் தங்கம் 1.94, கூடவே 100 மீ தங்கம் 12.06. நெதர்லாந்தின் ஃப்ளூர் யோங், டி62, பாரிஸில் டி64 பிரிவில் நீளம் தாண்டுதல் 6.53, 100 மீட்டர், இரண்டும் தங்கம்.

#16 நேர்கோடு

எனக்கு இதுல உடன்பாடு இல்ல சார். நீங்க சொல்றவங்க எல்லாம் பிசியோ, பிளேடு, கோச் எல்லாம் உள்ளவங்க. நம்ம பிள்ளைக்கு ஒரே பிளேடு. ரெண்டு போட்டிக்கும் அதை வச்சு அடிச்சா பிளேடும் போகும், ஸ்டம்பும் போகும். ஒண்ணை நல்லா செய்யட்டும்.

#17 லதா_பிசியோ

நேர்கோடு சொல்வதில் உள்ள கவலை நியாயமானது. ஆனால் 18 வயதுக்கு முன் இரண்டையும் பழகினால் சுமை கூடுவதில்லை, முறையாகப் பிரித்தால் குறையவே செய்கிறது. ரன்-அப் ஓட்டமும் வேகப் பயிற்சிதான். திங்கள் 30 மீட்டர் முடுக்கம், புதன் வளைவில் 60–80 மீட்டர் 4 தடவை, வெள்ளி குட்டை ரன்-அப்பில் 8–10 தாண்டல், மற்ற நாள் இடுப்புப் பயிற்சி. தொடர்ந்து இரண்டு நாள் பிளேடில் முழு வேகம் வேண்டாம். ஒரே பிளேடு என்றால், ஓட்டத்துக்குச் சரியான விறைப்பை வைத்துக்கொண்டு தாண்டுதலை அதற்கு ஏற்பப் பழகலாம். தாண்டுதலுக்கு என்று விறைப்பைக் கூட்டினால் ஓட்டம் கெடும்.

#18 பயிற்சி_கேள்வி

மிக்க நன்றி அக்கா, எல்லோருக்கும். இன்னும் இரண்டு. இந்தியாவில் வகுப்பு வாங்குவது எப்படி? மாற்றுத்திறனாளி அட்டையில் உள்ள சதவீதம் போதுமா? தாண்டும்போது செயற்கைக் கால் கழன்று விழுந்தால் என்ன செய்வார்கள்?

#19 நாலாம்_லேன்

அட்டையின் சதவீதம் அரசுச் சலுகைக்கு. விளையாட்டு வகுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, 80% என்று அட்டை இருந்தும் தகுதி கிடைக்காதவர்கள் உண்டு. மாநிலச் சங்கம் வழியாக தேசிய பாரா தடகளப் போட்டிக்குப் பதிந்தால் அங்கே தேசிய வகைப்படுத்தல் நடக்கும். வெளிநாட்டுப் போட்டிக்கு அது போதாது. இந்தியப் பாராலிம்பிக் கமிட்டி மூலம் சர்வதேச உரிமம், மருத்துவர் நிரப்பிய நோயறிதல் படிவம், அதோடு எக்ஸ்ரே போன்ற ஆதாரங்கள், பிறகு சர்வதேச வகைப்படுத்துநர்கள் முன் நேரில் சோதனை, அதன் பிறகு முதல் போட்டியில் கண்காணிப்பு. போட்டிக்குப் போடும் அதே பிளேடைத்தான் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். வளரும் வயது என்றால் நிரந்தர நிலை தராமல், குறிப்பிட்ட ஆண்டில் மறுபடி வரச் சொல்லலாம். அந்த ஆண்டைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மறந்து போட்டிக்குப் போய் நிற்பது வேதனை.

பிள்ளைக்குக் காட்ட நம் ஊர் உதாரணமும் உண்டு. தமிழ்நாட்டின் தர்மராஜ் சோலைராஜ், 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் டி64 நீளம் தாண்டுதலில் 6.80 மீ தாண்டித் தங்கம்.

#20 வளைவு36

கால் கழன்று விழுறதுக்கு: ரன்-அப்புல கழன்றா நின்னு மாட்டிக்கிட்டு, நேரக்கெடு மிச்சம் இருந்தா மறுபடி ஓடலாம். தாண்டும்போது கழன்று பிட்டுக்குள்ள விழுந்தா, உடம்பு விட்ட தடம், கால் விழுந்த தடம், எது பலகைக்குக் கிட்டயோ அங்கேர்ந்துதான் அளப்பாங்க. பிளேடு மாட்டியே இருந்தாலும் அதே கணக்குதான், மணல்ல பின்னால இழுபட்ட பிளேடு நுனி போட்ட கோடும் தடம்தான். முட்டி இல்லாத பிளேடு மடங்காது, கொஞ்சம் தாமதமா முன்னால வந்தாலே குதிகால் இடத்துக்கு 30–40 செ.மீ. பின்னால கோடு விழும். அதனால லேண்டிங்கை தனியாப் பழக்குங்க. பிட்டு ஓரத்துல 40 செ.மீ. பெட்டி போட்டு, அதுலேர்ந்து நின்ன இடத்துலயே தாண்டி, ரெண்டு காலையும் முன்னால நீட்டி உட்கார்ற மாதிரி விழணும், விழுந்ததும் பக்கவாட்டுல சாயணும், பின்னால கை ஊன்றக்கூடாது. 10 தடவை, வாரம் ரெண்டு நாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளையை எழுப்பின உடனே மணலைக் கலைக்காம, தடத்தைக் காட்டிட்டு அப்புறம் சமப்படுத்துங்க.